ராதிகா, ரம்யா கிருஷ்ணன், தேவயானி: சீரியலுக்குள் போன மூன்று வழிகள்

"சினிமா மார்க்கெட் போச்சு, சீரியலுக்கு வந்துட்டாங்க" என்று மூன்று பேரையும் ஒரே வரியில் அடக்குவது பெரிய அநியாயம். மூவருமே சன் டிவி வழியாகத்தான் தினமும் நம் வீட்டுக்கு வந்தார்கள். ஆனால் தங்கள் தேதிகளை, அதாவது கால்ஷீட் நாட்களை, யார் கையில் கொடுத்துவிட்டு வந்தார்கள் என்று பார்த்தால், மூவரும் மூன்று திசை.

ராதிகா தேதிகளைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். 1978-ல் 'கிழக்கே போகும் ரயில்' பாஞ்சாலியாக வந்தவர், 1999 டிசம்பரில் 'சித்தி' தொடங்கியபோது அதன் நாயகி, தயாரிப்பாளர் இரண்டுமாக இருந்தார். அந்தக் கால ஏற்பாட்டில் தயாரிப்பாளர் சேனலுக்குக் கட்டணம் கட்டி ஸ்லாட்டை, அதாவது ஒளிபரப்பு நேரத்தை, எடுப்பார். விளம்பர நேரத்தை விற்றுப் போட்ட பணத்தை மீட்பார். ரேட்டிங் ஏறினால் லாபம் அவருக்கு, சறுக்கினால் நஷ்டமும் அவர் தலையில். அந்த ரிஸ்க்கை எடுத்ததால்தான் 'அண்ணாமலை', 'செல்வி', 'அரசி', 'செல்லமே', 'வாணி ராணி' என்று ஒன்று முடிந்ததும் அடுத்ததை அவரால் தொடங்க முடிந்தது. 'வாணி ராணி' ஓடிக்கொண்டிருந்த 2016-லேயே 'தெறி', 'தர்மதுரை' இரண்டிலும் அம்மாவாக வந்தார். ஷெட்யூல் போடுவது சொந்த ஆபீஸ் என்றால்தான் இது சுலபம்.

அதே 'வாணி ராணி'யில் இரட்டை வேடம். வாணி வக்கீல், ராணி குடும்பத் தலைவி. இருவரும் எதிரெதிரே நின்று பேசும் காட்சி என்றால், முதலில் வாணியின் ஷாட்டுகளை மொத்தமாக எடுப்பார்கள், எதிரில் முதுகு காட்டி ஒரு டூப் நிற்பார். பிறகு சேலை, தலைமுடி, பொட்டு எல்லாம் மாற்றி ராணியின் பக்கம். எதிரே யாரும் சொல்லாத பதிலுக்கு முகபாவம் காட்ட வேண்டும். முந்தைய ஷாட்டில் எந்தச் சொல்லில் குரலை உயர்த்தினோம் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். அது நழுவினால் எடிட்டிங்கில் இரண்டு சகோதரிகளும் வெவ்வேறு சண்டை போடுவதுபோலத் தெரியும். சினிமாவில் இதற்கு நாள்கணக்கில் நேரம் கிடைக்கும். தினசரித் தொடரில் அன்று மாலைக்குள் முடித்தாக வேண்டும்.

ரம்யா கிருஷ்ணன் தேதிகளைப் பிரித்துக் கொடுத்தவர். 'தங்கம்', பிறகு 2013 முதல் 2017 வரை 'வம்சம்'; அதன் நடுவிலேயே 2015-ல் 'பாகுபலி'யின் சிவகாமி. கேட்க எளிது, நடத்துவது கொடுமை. பெரிய படம் தொடர்ச்சியாக நாட்களைக் கேட்கும். தினசரித் தொடரோ கையிருப்பு எபிசோடுகளைத் தின்றுகொண்டே இருக்கும். கையிருப்பு தீர்ந்தால் கதாசிரியருக்கு இரண்டே வழி: நாயகியை வெளியூர் அனுப்பலாம், அல்லது ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கலாம். துணைப் பாத்திரம் என்றால் "இவருக்குப் பதில் இவர்" என்று ஒரு கார்டு போட்டுச் சமாளித்துவிடலாம். கதையே நாயகியின் தோளில் நிற்கும்போது அது எடுபடாது. போதாக்குறைக்கு, நடிப்பின் அளவையும் மாற்றிக்கொள்ள வேண்டும். 'படையப்பா' நீலாம்பரி கால்மேல் கால் போட்டு உட்காரும் ஒரே அசைவு தியேட்டரையே நிறைத்தது. டிவியில் முகம்தான் பெரும்பாலும் ஃப்ரேம். அதே வீச்சைக் காட்டினால் கூடத்தில் யாரோ கத்துவதுபோல இருக்கும்.

தேவயானி தேதிகளை ஒரே பாத்திரத்துக்கு ஒப்புக்கொடுத்துவிட்டார். 'காதல் கோட்டை' (1996), 'சூர்யவம்சம்' (1997) எல்லாம் தந்த பெயரோடு 2003-ல் 'கோலங்கள்' அபியானார். 2009 வரை அபிதான். 1500 எபிசோடுகளுக்கு மேல். எபிசோடுக்கு 20 நிமிடம் என்று வைத்தாலும் 500 மணி நேரம், இரண்டரை மணி நேரப் படங்கள் 200-க்குச் சமம். அவ்வளவு நீளத்துக்கு ஒரு பெண்ணின் பொறுமையைச் சலிக்காமல் காட்டுவது லேசுப்பட்ட வேலையில்லை. ஒரே மாதிரி அழுதால் மூன்றாம் மாதமே சேனல் மாற்றிவிடுவார்கள். அழுகையை அடக்கிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போகும் அபியைத்தான் ஜனங்கள் நம்பினார்கள். விலையும் உண்டு: இப்படி ஒரு பெயர் ஒட்டிக்கொண்டால் அதை உரித்தெடுக்க வருஷங்கள் ஆகும்.

கையில் முதலும் கணக்குப் பார்க்கும் தெம்பும் உள்ள நடிகைக்கு ராதிகாவின் வழியைத்தான் சொல்வோம். ரம்யாவின் வழி, சினிமாவில் இன்னமும் தேடி வந்து கூப்பிடும் நிலையில் இருப்பவருக்கு மட்டும். தேவயானியின் வழியில் பண ரிஸ்க் குறைவு. ஆனால் நடிப்பு என்ற அளவில் மூன்றிலும் கடினம் அதுதான் என்பது எங்கள் கணிப்பு. 2025-ல் '3 பிஹெச்கே' படத்தில், 'சூர்யவம்சம்' ஜோடியான சரத்குமாருக்கே மனைவியாக, நடுத்தரக் குடும்பத்து அம்மாவாக அவர் வந்தபோது, வசனமே இல்லாத ஷாட்டுகளிலும் அந்த வீட்டின் கணக்குவழக்கு முழுதும் அவர் முகத்தில் இருந்தது.