மூன்று வருடம் ஆக்ஸிஜன் ஃபேஷியல் செய்துகொண்டேன், முகத்தில் என்ன மாறியது

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2022 ஜூனில் ஆரம்பித்தது, முதல் வருடம் மாதம் ஒன்று, அப்புறம் குறைந்து குறைந்து இதுவரை 26 தடவை, ஒரு தடவைக்கு 3,500 ரூபாய், மொத்தம் 91,000. அண்ணன் மகள் கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால்தான் முதல் தடவை போனேன். அப்போது எனக்கு 44 வயது. மூக்கு ஓரத்திலிருந்து வாய் வரைக்கும் இறங்குகிற கோடு, கண் ஓரத்துச் சுருக்கம், இடது கன்னத்தில் மங்கு, இந்த மூன்றும்தான் என் கவலை.

ஆக்ஸிஜன் ஃபேஷியல் என்ற பெயரில் நம் ஊரில் மூன்று வேறு வேறு விஷயங்கள் நடக்கின்றன, அதைத் தெரிந்துகொள்ளாமல் பணம் கட்டாதீர்கள். ஒன்று, சாதாரண பார்லரில் ஆக்ஸிஜன் என்று அட்டையில் போட்ட க்ரீம் கிட்டை வைத்து மசாஜ் செய்து பேக் போடுவது. இரண்டாவது, நான் செய்துகொண்டது, மெஷின் வைத்துச் செய்வது. மூன்றாவது, ஒரு வில்லையை ஜெல்லோடு சேர்த்து முகத்தில் தேய்ப்பார்கள், சோடா மாதிரி நுரைக்கும். அதில் வருவது ஆக்ஸிஜனே இல்லை, கார்பன் டை ஆக்ஸைடு. அந்த வாயு கூடுகிற இடத்தில் ரத்தம் தன்னிடமுள்ள ஆக்ஸிஜனை இறக்கிவிடும் என்று 1904-ல் டென்மார்க்கின் கிறிஸ்டியன் போர் கண்டுபிடித்த விளைவைத்தான் அதற்குக் காரணமாகச் சொல்கிறார்கள் (அணு மாதிரியைச் சொன்ன நீல்ஸ் போருக்கு அப்பா இவர்).

மெஷின் என்றால், வீட்டில் மூச்சுத் திணறல் உள்ளவர்களுக்கு வைக்கிற கான்சென்ட்ரேட்டர் மாதிரிதான். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிரித்துவிட்டு ஆக்ஸிஜனை அழுத்தத்தோடு ஒரு பேனா மாதிரியான குழாய் வழியாக விடும், அந்தக் குழாயிலேயே, நீரைப் பிடித்துவைக்கிற ஹையலூரானிக் அமிலம் உள்ள சீரம் சொட்டுச் சொட்டாக இறங்கும். கட்டிலுக்குக் கீழே மோட்டார் ஓடுகிற சத்தம், கன்னத்தில் சில்லென்று ஊசி முனை மாதிரி காற்று, நெற்றியின் நடுவிலிருந்து காதுவரை கோடு போட்டுப் போட்டு வருவார்கள். வலி துளியும் இல்லை. பாதியில் கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொல்வார்கள், செய்த பாதிக்கும் செய்யாத பாதிக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும், அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன்.

அந்தப் பளபளப்பு பொய் இல்லை. முகம் நிறைந்து, சின்னச் சின்னக் கோடுகள் மேவி, கல்யாணத்தில் பவுடர்கூட ஒழுங்காக உட்கார்ந்தது. ஆனால் எனக்கு நான்கு நாள், மிஞ்சிப்போனால் ஆறு நாள். ஏழாம் நாள் பழைய முகம். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு காலையில், எண்ணெய் எதுவும் போடாமல், சமையலறை ஜன்னல் பக்கம் நின்று மகளை ஒரு போட்டோ எடுக்கச் சொல்வேன். முதல் 14 மாதப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். வாயோரக் கோடு இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறது. மங்கும் அப்படியே.

தோல் டாக்டரிடம் போனபோதுதான் காரணம் புரிந்தது. கோடு விழுவது மேல்தோலில் இல்லை, அதற்குக் கீழே, தோலைத் தாங்குகிற கொலாஜன் என்ற புரதம் இருக்கிற அடுக்கில். அந்த அடுக்குக்கு வேண்டிய ஆக்ஸிஜன் ரத்தத்தில் போகிறது. மேலே உள்ள மெல்லிய பகுதி வெளிக்காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது, காற்றில் 21 சதவீதம் இருக்கிறது, அதற்குப் பஞ்சமே இல்லை. புகை பிடிக்காத, ஆரோக்கியமாக இருக்கிற ஒருவர் முகத்தில் வெளியிலிருந்து ஆக்ஸிஜனை அடித்துக் கோட்டை எடுக்க முடியாது என்று பொறுமையாகச் சொன்னார். எனக்குத் தெரிந்த பளபளப்பு சீரம் பிடித்துவைத்த நீர், கூடவே அவர்கள் முதலில் செய்கிற ஸ்க்ரப், மசாஜ், இவ்வளவுதான்.

அப்புறம் அவர் கேட்ட கேள்விதான் என்னை உலுக்கியது: "பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்காருவீங்க?" மேலூரிலிருந்து மதுரைக்கு 17 வருடமாக வேலைக்குப் போய் வருகிறேன். பெண்கள் சீட்டு இடது பக்கம், எனக்கு எப்போதும் ஜன்னலோரம்தான் வேண்டும். காலையில் போகும்போதும் வெயில் அந்தப் பக்கம், சாயங்காலம் திரும்பும்போதும் அந்தப் பக்கம். மங்கு இடது கன்னத்தில். அமெரிக்காவில் 28 வருடம் லாரி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் படம் 2012-ல் ஒரு பெரிய மருத்துவ இதழில் வந்தது, ஜன்னல் பக்கமிருந்த இடது முகம் மட்டும் வரி வரியாகத் தொங்கும், அதைக் காட்டினார். அன்றைக்கு ராத்திரி கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நின்றேன்.

அதிலிருந்து தினமும் சன்ஸ்கிரீன், முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம், மத்தியானம் ஒருமுறை திரும்பவும். ஆஸ்திரேலியாவில் 900-க்கும் மேற்பட்டவர்களை நாலரை வருடம் பார்த்த ஆய்வு ஒன்று 2013-ல் வெளியானது, தினமும் தடவியவர்களுக்குத் தோல் முதுமை 24 சதவீதம் குறைவு. ராத்திரியில் டாக்டர் எழுதிக்கொடுத்த ட்ரெட்டினாயின் (வைட்டமின் ஏ வகை மருந்து) 0.025 சதவீதம், பட்டாணி அளவு, மாய்ஸ்ச்சரைசர் போட்ட பிறகு. முதல் ஆறு வாரம் மூக்கோரம் உரிந்தது, எரிந்தது, விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். கர்ப்பமாக இருப்பவர்கள் இதைத் தொடக்கூடாது, டாக்டரைக் கேட்காமல் யாரும் வாங்க வேண்டாம். 8 மாதம் கழித்து எடுத்த போட்டோவில் மங்கு பாதியாகியிருந்தது, கண்ணோரச் சுருக்கம் தணிந்திருந்தது. வாயோரக் கோடு மட்டும் கொஞ்சம்தான் குறைந்தது. சன்ஸ்கிரீன், ட்ரெட்டினாயின் இரண்டுக்கும் சேர்த்து மாதம் 900 ரூபாய்க்குள் முடிகிறது.

நடுவில் பட்ட ஒரு கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். 2023 தீபாவளிக்கு முன்னால் வேறு ஒரு பார்லரில் விலை குறைவு என்று போனேன். ஃபேஷியலுக்கு முன்னால் ஆக்ஸிஜன் ப்ளீச் என்று ஒன்றைப் பூசினார்கள், அது ஹைட்ரஜன் பெராக்ஸைடும் அம்மோனியாவும். அதே நாளில் புருவமும் எடுத்திருந்தேன். மேலுதட்டின் மேல் மிளகாய் பட்ட மாதிரி எரிந்தது. சொன்னதற்கு "கொஞ்சம் எரியத்தான் செய்யும் அக்கா, பொறுத்துக்கோங்க" என்றாள் அந்தப் பெண். பொறுத்துக்கொண்டேன், அதுதான் தப்பு. சிவந்தது, பொருக்குத் தட்டியது, நம் நிறத்துக்குக் காயம் ஆறினாலும் கறுப்பு நிற்கும் இல்லையா, அது போக ஐந்து மாதம் ஆனது. எரிந்தால் உடனே கழுவச் சொல்லுங்கள், சங்கடப்படாதீர்கள்.

மெஷின் ஃபேஷியலை நான் முழுசாக விடவில்லை. விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்னால் என்றால் இன்றைக்கும் போவேன், வருடத்துக்கு இரண்டோ மூன்றோ. பேக்கேஜ் கட்டச் சொன்னால் மட்டும் கட்டுவதில்லை, "பத்து சிட்டிங்கில் சுருக்கம் போய்விடும்" என்று சொல்கிற இடத்துக்கும் போவதில்லை. அடுத்த மாதம் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. நேரம் வாங்கிவிட்டேன், ட்ரெட்டினாயினை ஐந்து நாள் முன்பே நிறுத்தச் சொல்லியிருக்கிறார் டாக்டர், காலண்டரில் அந்தத் தேதியை வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.