குவிமாட வீடு: காற்றுக்கு அசையாது, மழைக்கு ஒழுகும்

கிளிநொச்சியில் வீடு கட்டப்போகும் நண்பர் ஒருவர், "உங்கட டோம் வீடு எப்படி, நானும் அப்படியே கட்டட்டா?" என்று கேட்டார். போன கிழமைதான் ஒழுக்குப் பார்த்து மறுபடி சீலன்ட் (இடைவெளி அடைக்கும் பசை) பூசி முடித்தேன். அந்தச் சூடு ஆறுமுன் எழுதுகிறேன்.

6 மீற்றர் விட்டம். ஜீஐ குழாய்ச் சட்டம், மேலே பிளைவுட், அதன்மேல் நீர்புகாப் பூச்சு. பக்மின்ஸ்டர் ஃபுல்லர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் 1954இல் அந்நாட்டுக் காப்புரிமை பெற்ற, முக்கோணங்களை இணைத்துக் கட்டும் குவிமாட அமைப்பின் எளிய வடிவம்: 40 முக்கோணங்கள், இரண்டே நீளத்தில் குழாய்கள். ஊர் வெல்டிங் கடையே போதும்.

சிக்கல் பொருத்துகளில். தகரக் கூரையில் ஒரு சீற் மற்றதன் மேல் ஏறிக் கிடக்கும், தண்ணீர் வழுக்கிப் போய்விடும். கிடுகும் அப்படித்தான். இங்கே முக்கோணங்கள் விளிம்போடு விளிம்பு முட்டி நிற்கின்றன. சித்திரை வெயிலில் குழாய் விரியும், இரவில் சுருங்கும். பிளைவுட் அதோடு ஒத்து அசையாது. நடுவில் கிடக்கும் சீலன்ட் வெடித்துவிடும். ஐப்பசியில் மழை பிடித்தால் சரிவு குறைந்த உச்சிப் பக்கம்தான் முதலில் கசியும். ஓரிடத்தில் புகுந்த தண்ணீர் குழாய் வழியே ஓடி வேறிடத்தில் சொட்டும்; ஓட்டையைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. தாழ்வாரமும் இல்லை, மழைக்கு யன்னல் திறக்க ஏலாது. பத்து வருசத்துக்குக் கை வைக்கத் தேவையில்லை என்று கட்டித் தந்தவர்கள் இப்போது போனை எடுப்பதே இல்லை.

சரி, நியாயத்தையும் சொல்லவேண்டும். 2020 டிசம்பரில் புரவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறி வன்னியைக் கடந்தபோது பக்கத்து வளவுத் தகரங்கள் பறந்தன. இந்தச் சட்டம் அசையவே இல்லை. முக்கோணம் நெளியாது, ஒரு முனையில் விழும் விசை சுற்றியுள்ள குழாய்களுக்கெல்லாம் பிரிந்து போகும். அன்றிரவு பிள்ளைகள் நிம்மதியாக நித்திரை கொண்டார்கள். அதற்கு நான் என்றும் நன்றியுள்ளவன். உச்சித் துவாரத்தால் சூடு வெளியேற, கீழே கதவால் காற்று இழுபடும். சோளகம் வீசும் மாதங்களில் இரவில் ஃபான் போடுவதே குறைவு.

ஆனால் எரிசக்தி மிச்சம் என்ற பேச்சை அப்படியே நம்பவேண்டாம். குறைந்த பரப்பால் கூடிய கனவளவை மூடுவது, அறையைச் சூடாக்கும் குளிர்நாடுகளுக்குத்தான் பெரிய இலாபம். இங்கே வெயில்தான் பகை, கூடு முழுவதும் அதை வாங்குகிறது. மேற்கே நிற்கும் வேம்பு இல்லையென்றால் பின்னேரம் உள்ளே இருக்க முடியாது. மலிவு என்பதும் அரைகுறைதான்: எட்டடிக்கு நாலடிப் பிளைவுட்டை முக்கோணமாக வெட்டினால் மிஞ்சும் துண்டுகளுக்கும் காசு கொடுத்திருக்கிறோம்.

ஆகவே நண்பரே, கட்டாதீர்கள். ஓட்டுக்கூரையும் அகலமான விறாந்தையும் போடுங்கள்.

நான் இந்தச் சட்டத்தைக் கழற்றப்போவதில்லை. வரும் பங்குனியில் பிளைவுட்டை உரித்துவிட்டு, மழைநீர்த் தொட்டி கட்டும் மேசன்மாரைக் கொண்டு கம்பிவலை கட்டி மெல்லிசாகச் சீமெந்து பூசப் போகிறேன். அந்தப் பாரத்தைக் குழாய் தாங்குமா என்று ஒரு பொறியியலாளரிடம் கணக்குப் பார்க்கக் கொடுத்திருக்கிறேன்.