அட்டைப்பெட்டியா, வட்டத் தடுப்பா, அடைக்கோழியா: குஞ்சுக்கு அடிபடாத இடம் எது?

போன ஐப்பசி மழையில், விலைக்கு வாங்கி வந்த 25 குஞ்சுகளில் நான்கு போய்விட்டன. எதற்கும் நோயில்லை. இரண்டு பெட்டி மூலையில் நசுங்கின. ஒன்று தண்ணீர் வைத்த தேங்காய்ச் சிரட்டையில் விழுந்து விறைத்துப்போனது. ஒன்றுக்குக் கால் இரண்டும் பக்கவாட்டில் அகன்று எழும்பவே முடியவில்லை. நான்குமே நான் செய்த ஏற்பாட்டால் வந்த சாவு. அதற்குப் பிறகுதான் கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் கோழி வளர்க்கிற வீடுகளில் யார் எப்படிச் செய்கிறார்கள் என்று போய்ப் பார்த்தேன்.

அட்டைப்பெட்டி எல்லா வீட்டிலும் கிடைக்கும். ஆனால் அதில் நான்கு மூலை இருக்கிறது. குளிர் தட்டினால் குஞ்சுகள் மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறும், அடியில் கிடப்பது மூச்சுமுட்டிச் சாகும். தகரத்தையோ கெட்டி அட்டையையோ ஒன்றரை அடி உயரத்தில் வட்டமாக வளைத்துக் கட்டினால் ஒதுங்குவதற்கு மூலையே கிடையாது. குஞ்சு வளர வளர வட்டத்தை அகலமாக்கலாம். தகரத்தின் வெட்டு விளிம்பை மட்டும் மடக்கிவிடுங்கள். பெட்டிதான் வசதி என்பவர்கள் மூலைகளில் அட்டையை வளைத்துச் செருகலாம்.

இதைவிடப் பெரிய விஷயம் தரை. செய்தித்தாள் விரிப்பது சுத்தம்தான், ஆனால் வழுக்கும். முதல் சில நாள்களில் கால் சறுக்கிக்கொண்டே இருந்தால் அகன்று போய்விடும். எனக்கு அப்படித்தான் ஒரு குஞ்சு போனது. முதல் நாளே கவனித்து, இரண்டு காலையும் இயல்பான இடைவெளியில் ஒட்டுத்துணியால் இணைத்துச் சில நாள் விட்டிருந்தால் அது நேராகியிருக்கலாம். கதம்பையிலிருந்து, அதாவது தேங்காய் மட்டையிலிருந்து, உரித்த நார் இங்கே காசில்லாமல் கிடைக்கிறது என்று சிலர் போடுகிறார்கள். வேண்டவே வேண்டாம். நீள நார் விரலில் சுற்றி இறுகினால் ரத்தம் ஓடாமல் விரல் கறுத்துவிடும். நூல் பிரிந்த சாக்கிலும் இதே ஆபத்து உண்டு. குலசேகரம் பக்கத்து மில்களில் கிடைக்கும் அறுப்புத்தூள் மிகவும் பொடி, கண்ணில் விழும், குஞ்சு தீனியென்று கொத்தியும் தின்னும். மரச்சீவலோ நெல் உமியோ இரண்டு அங்குலம் பரப்புவதுதான் என் தேர்வு. குஞ்சு தீனியை அடையாளம் கண்டுகொள்ளும்வரை, முதல் மூன்று நாள் அதன்மேல் நூல் பிரியாத பருத்தித் துணி.

சூட்டுக்குப் பல்பா, கோழியா? வீட்டிலேயே பொரித்த பத்துப் பன்னிரண்டு குஞ்சு என்றால் நான் கோழியிடமே விடுவேன். சூடு எவ்வளவு வேண்டுமென்று அதற்குத் தெரியும், கரண்டும் வேண்டாம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வந்தபோது நம் மாவட்டத்தில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்தது நினைவிருக்கும். ஆனால் தாய் மிதித்தும் குஞ்சு சாகும், மற்ற கோழிகளும் கொத்தும். கூடையைக் கவிழ்க்கும்போது விளிம்பு கழுத்தில் விழாமல் பார்க்க வேண்டும். கடையில் வாங்கிய குஞ்சைப் பகலில் கொண்டு விட்டால் கோழி கொத்தி விரட்டும். இரவில் அடியில் வைத்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும்.

25 குஞ்சென்றால் பல்புதான் வழி. எல்இடி சூடு தராது, பழைய குண்டு பல்பே வேண்டும். குஞ்சுக்கு 2 வாட் என்று கணக்கு வைத்து, ஒரே பெரிய பல்புக்குப் பதில் இரண்டு சிறியதாகப் போடுங்கள், ஒன்று ஃபியூஸ் ஆனாலும் இன்னொன்று எரியும். வயரில் தொங்கவிடாமல் சங்கிலியில் தொங்கவிடுங்கள். அது உமியில் விழுந்தால் வீடே பற்றும். முதல் வாரம் குஞ்சு நிற்கிற மட்டத்தில் 35 டிகிரி செல்சியஸ், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறையலாம். தெர்மாமீட்டர் இல்லையா? விளக்கடியில் நெருங்கினால் குளிர், விலகி ஓடினால் சூடு அதிகம், பரவலாகப் படுத்தால் சரி. கரண்ட் போனால் மூடிய அறையில் கரியடுப்பு வைக்காதீர்கள், நச்சுவாயு சேரும். வெந்நீர்க் குப்பியைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தால் போதும்.

தண்ணீருக்குச் சிரட்டை ஆடும், ஆழமும் அதிகம். தட்டின்மேல் கவிழ்த்து வைக்கும் பிளாஸ்டிக் தண்ணீர்க் குப்பியே நல்லது. சிரட்டைதான் இருக்கிறது என்றால் கூழாங்கல் நிரப்பி அலகு மட்டும் நனைகிற அளவு ஊற்றுங்கள்.

மேலே மூடும் வலை அரை அங்குலக் கண்ணாக இருக்கட்டும். ஓர் அங்குலக் கண்ணில் குஞ்சு தலையை விட்டு மாட்டிக்கொள்ளும், எலியும் புகுந்துவிடும்.