காவலூர் வானாய்வகம்: ஒன்பதாம் வகுப்போடு ஒரு சனிக்கிழமை

அறிவியல் ஆசிரியர்களே, வாணியம்பாடியிலிருந்து ஜவ்வாது மலை ஏறி ஒருமுறை காவலூர் போய்விட்டு வாருங்கள். இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் அங்கே இருக்கிறது, அண்ணாந்து பார்த்ததும் பிள்ளைகளின் சலசலப்பு அப்படியே அடங்கிவிட்டது. எனக்கு அதைவிடப் பிடித்தது பழைய 1 மீட்டர் தொலைநோக்கியின் கதை: 1977-இல் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைப்பதற்கு முன்பே அந்த விண்மீனின் ஒளி சட்டென்று மங்கியதை இங்கிருந்தும் பதிவு செய்தார்கள், அதுதான் யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதற்குச் சான்று. டார்ச் முன்னால் வளையலை நகர்த்திக் காட்டினேன், ஒரு பெண் "விளிம்பு ரெண்டு தடவை மறைக்குது டீச்சர்" என்றாள், சிலிர்த்துவிட்டது. அப்புறம், இரவில் சின்னத் தொலைநோக்கியில் சனிக்கோள்! மழைக்காலத்தில் மட்டும் போகாதீர்கள், மேகம் இருந்தால் வானம் கிடைக்காது. ஸ்வெட்டர் கட்டாயம்.