தண்டவாளத்தில் லாரி: டயரை நம்புவதா, இரும்புச் சக்கரத்தையா?

அமெரிக்காவிலும் கனடாவிலும் ரயில் பாதையைப் பராமரிக்கும் ஆட்கள் ஏறி வருவது பெரும்பாலும் ஹைரெயில் வண்டியில்தான். சாலையில் அது சாதாரண பிக்-அப் அல்லது லாரி. லெவல் கிராசிங்குக்கு வந்ததும் தண்டவாளத்தோடு நேராக நிறுத்தி, முன்னும் பின்னும் மடக்கி வைத்திருக்கும் சின்ன இரும்புச் சக்கரங்களை இறக்கி, பூட்டுப்போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். ஸ்டியரிங்குக்கு அதன்பிறகு வேலையே இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் எல்லா வண்டியும் ஒன்றுதான். ஓட்டுவதும் நிறுத்துவதும் எந்தச் சக்கரம் என்பதில்தான் வித்தியாசம்.

முதல் வகையில் பின் டயர்கள் தண்டவாளத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கும். அங்குள்ள கேஜ், அதாவது இரு தண்டவாளங்களுக்கு இடையிலுள்ள தூரம், 1435 மி.மீ. பின் அச்சில் இரட்டை டயர் உள்ள லாரிக்கு உள்பக்க டயர் கிட்டத்தட்ட சரியாகத் தண்டவாளத்தின் மேல் வந்துவிடும். பிக்-அப் என்றால் ரிம்மை மாற்றிப்போட்டு டயரை அந்த அளவுக்குக் கொண்டுவர வேண்டும். முன் டயர்கள் மேலே தூக்கப்பட்டு, முன்பாரத்தை இரும்புச் சக்கரம் சுமக்கும். பின்னால் இருக்கும் இரும்புச் சக்கரத்துக்கு வண்டி விலகாமல் வழிகாட்டுவது மட்டுமே வேலை. இழுப்பதும் பிரேக் பிடிப்பதும் டயரே.

இதன் சூட்சுமம் பாரத்தைப் பிரிப்பதில் இருக்கிறது. வழிகாட்டிச் சக்கரத்தின் மேல் பாரம் குறைந்தால் வளைவில் அதன் விளிம்பு தண்டவாளத்தின் மேல் ஏறி, வண்டி தடம் புரளும். கூடினால் டயருக்குப் பிடிப்பு போய், நின்ற இடத்திலேயே சுற்றும். அதனால் இந்த இரும்புச் சக்கரக் கருவியைப் பொருத்தியதும் எடை போட்டுப் பார்த்துத்தான் ஸ்பிரிங்கை முடுக்குகிறார்கள். பிறகு பின்னால் ஒரு கம்ப்ரஸரையோ கருவிப் பெட்டியையோ புதிதாக ஏற்றினால் அந்தக் கணக்கு மாறிவிடும். இதை மறப்பவர்கள் நிறைய பேர்.

குறைகளும் உண்டு. தண்டவாளத்தின் தலை சுமார் 7 செ.மீ. அகலம்தான். டயர் முழுக்கத் தேயாமல் அந்த ஒரு பட்டையில் மட்டும் தேயும். மழையிலும் பனியிலும் பிரேக் பிடிக்கும் தூரம் நீளும். குளிர்காலத்தில் லெவல் கிராசிங்கின் இடுக்கில் பனி இறுகிக் கிடந்தால் சின்னச் சக்கரம் அதன்மேல் ஏறிக்கொள்ளும். அப்படிப்பட்ட இடங்களில் ஊர்ந்துதான் போக வேண்டும்.

இரண்டாம் வகையில் நான்கு பக்கமும் இரும்புச் சக்கரங்களே முழுப் பாரத்தையும் தாங்கும். டயர் அந்தரத்தில் நிற்கும். இதிலேயே இரண்டு பிரிவு. ஒன்றில் ஹைட்ராலிக் மோட்டார் இரும்புச் சக்கரத்தை நேரடியாகச் சுழற்றும். விலை அதிகம், எடையும் அதிகம். இன்னொன்றில் லாரியின் டயரே இரும்புச் சக்கரத்தின் மேல் அழுந்தி, உராய்வில் அதைச் சுழற்றும். மலிவான வழி. ஆனால் ஒன்றையொன்று தொட்டுச் சுழலும் உருளைகள் எதிரெதிராகத்தானே சுற்றும்? அதனால் முன்னே போக ரிவர்ஸ் கியர் போட வேண்டியிருக்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல் பிரேக். இரும்புச் சக்கரத்துக்குத் தனி பிரேக் இல்லாமல் டயரை மட்டும் நம்பினால், டயர் தரையை விட்டு எழும்பி இரும்புச் சக்கரத்தில் இன்னும் அழுந்தாத அந்த நடுக்கட்டத்தில் வண்டிக்குப் பிரேக்கே கிடையாது. சரிவு இருந்தால் ஓடிவிடும். பிரிட்டனில் இப்படிப் பல வண்டிகள் தாமாக ஓடியிருக்கின்றன. 2010 ஜூலையில் இன்வர்னெஸ் அருகே ரெய்க்மோரில் நடந்தது அவற்றில் ஒன்று. பிரிட்டனில் இந்த மூன்று வகைக்கும் 9ஏ, 9பி, 9சி என்று பெயர். நேரடி இயக்கம் 9ஏ, உராய்வு 9பி, டயர் தண்டவாளத்தில் ஓடுவது 9சி. உராய்வு வகைக்கும் இரும்புச் சக்கரத்திலேயே பிரேக் இருக்க வேண்டும் என்று பிறகு கட்டாயமாக்கினார்கள். அது இல்லாத பழைய வண்டியை யார் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள் என்பதே என் கருத்து. டயரில் காற்று கொஞ்சம் இறங்கினாலே அதில் இழுவையும் பிரேக்கும் சேர்ந்து குறையும்.

சிக்னல் விஷயத்தில் இரண்டு வகைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அமெரிக்காவில் பெரும்பாலும் இரும்புச் சக்கரத்தை மின்காப்பு செய்துவிடுவதால் தண்டவாளத்தில் ஓடும் மின்சாரத்தை வைத்து ரயில் இருப்பதை அறியும் டிராக் சர்க்யூட்டுக்கு வண்டி வருவது தெரியாது, லெவல் கிராசிங் கேட்டும் மூடாது. கிராசிங்கில் நின்று, பார்த்துத்தான் கடக்க வேண்டும். சோதனையும் பொது: வருடத்துக்கு ஒரு முறை, இரண்டு சோதனைக்கு இடையில் 14 மாதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது அங்குள்ள கூட்டாட்சி விதி. கேஜ், சக்கரத் தேய்மானம், அச்சுகள் கோணலில்லாமல் இருக்கின்றனவா என்பது ஆகிய மூன்றையும் அளப்பார்கள்.

சரி, எதை எடுப்பது? பாதையைப் பார்த்துவிட்டு அடுத்த கிராசிங்கில் இறங்கிவிடும் பிக்-அப்புக்கும் நடுத்தர லாரிக்கும் டயர் வகையே போதும். ஏறி இறங்கச் சில நிமிடம்தான், கெட்டுப்போகவும் அதில் அதிகம் இல்லை. சரிவான பாதையில் நின்று வேலை செய்யும் கனமான கிரேனுக்கு ஹைட்ராலிக் வகைதான், செலவைப் பார்க்கக் கூடாது. சரக்கு வேகன்களை இழுக்க என்றால் இந்தக் கருவிகளை விட்டுவிடுங்கள். அதற்கு டிராக்மொபைல் போன்ற தனி வண்டி உண்டு. கொக்கியால் வேகனின் பாரத்தில் ஒரு பங்கைத் தன்மேல் ஏற்றிக்கொண்டு பிடிப்பைக் கூட்டிக்கொள்ளும்.

நம்மூர்க் கணக்கு வேறு. இந்திய அகலப் பாதை 1676 மி.மீ. சாதாரண லாரியின் இரட்டை டயர்களுக்கு நடுவிலுள்ள சந்தில்தான் தண்டவாளம் வரும். அச்சை மாற்றாமல் டயரை அதன்மேல் நிறுத்த முடியாது. ஆகவே இங்கே இரண்டாம் வகையே இயல்பாகப் பொருந்தும். சென்னை மெட்ரோ போன்ற பல மெட்ரோ பாதைகள் 1435 மி.மீ. என்பதால் அங்கே இரண்டுக்குமே இடமுண்டு.