தேக்கு நிக்குது, ஸ்க்ரூ தான் நிக்கல: கடலோர வீட்ல வெளி கிச்சன் டெக், நாலரை வருஷத்துக்கு அப்புறம்

போன வாரம் மூணு நாள் எங்க வீட்டுக்குப் பின்னாடி ட்ரில் சத்தம் ஓயல. டெக்குல இருந்த ஸ்க்ரூ மொத்தத்தையும் கழட்டி மாத்தினோம், 520 ஸ்க்ரூ. அந்த தூசியே இன்னும் முழுசா கூட்டி முடிக்கல, கடலூர்ல இருந்து சித்தி பொண்ணு போன் பண்றா, "அக்கா, நாங்களும் உங்களை மாதிரியே பின்னாடி மரத்தளம் போட்டு அடுப்பு வைக்கலாம்னு இருக்கோம், உங்க வீட்டுது எப்படி இருக்கு, போடலாமா"ன்னு. ஒரு மணி நேரம் பேசியும் பாதி தான் சொல்ல முடிஞ்சுது, அதனால மிச்சத்தையும் சேர்த்து எழுதிடுறேன், கடல் பக்கத்துல வீடு இருக்கிற வேற யாருக்காவதும் பயன்படட்டும்.

எங்க வீடு சென்னை பாலவாக்கம், கடல்ல இருந்து அரை கிலோமீட்டர் கூட இருக்காது. டெக் போட்டது 2021 பிப்ரவரி. 12க்கு 10 அடி, கீழ ஜிஐ (துத்தநாகப் பூச்சு போட்ட இரும்பு) சதுர பைப் ஃப்ரேம், மேல தேக்குப் பலகை, ஒரு பக்கமா கடப்பா கல் மேடை, ரெண்டு பர்னர் அடுப்பு, ஒரு சிங்க். மேல மங்களூர் ஓடு, அது 8 அடி வரைக்கும் தான் மூடும், வெளிப்பக்கம் 2 அடி வானம் பாத்த மாதிரி விட்டுட்டோம், வத்தல் காய வைக்க.

தேக்கு எதுக்குன்னா வெறுங்கால். சமைக்கும்போது செருப்பு போட்டுக்கிட்டு நிக்கிற வழக்கம் எங்க வீட்ல கிடையாது. எதிர்வீட்ல டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த) பலகை போட்டிருக்காங்க, அடர்ந்த சாம்பல் கலரு, பாக்க அவ்ளோ அழகு, ஆனா அக்னி நட்சத்திரம் நேரத்துல பகல் 11 மணிக்கு மேல அதுல கால் வைக்க முடியல, அவங்க வீட்டுக் குழந்தை ஓடி வந்து கால் வச்சுட்டு அழுததை நானே பாத்தேன். தேக்கும் வெயில்ல சுடும், இல்லன்னு சொல்லல, ஆனா ஓட்டு நிழல்ல இருக்கிற தேக்கு மே மாசத்துலயும் காலுக்கு இதமா தான் இருக்கு. பலகை விஷயத்துல இன்னிக்கு வரைக்கும் எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. கரையான் இல்ல, வளையல, பிளக்கல. 2022 டிசம்பர்ல மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரை கடந்துச்சே, அன்னிக்கு ராத்திரி எங்க ஓடு ஆறு ஏழு பறந்து போய் தெருவுல விழுந்துச்சு, தளம் அசையல.

நல்லதை முதல்ல சொல்லிடுறேன், ஏன்னா ஸ்க்ரூ பத்தி ஆரம்பிச்சா எனக்கு நிறுத்த வராது.

மீன். இது ஒண்ணுக்காகவே நாங்க இதைப் போட்டது. உள்ள கிச்சன்ல நெத்திலி கருவாடு வறுத்தா ரெண்டு நாளைக்கு திரைச்சீலையில, தலகாணியில எல்லாம் வாசனை இருக்கும், அதனாலயே எங்க அத்தை (மாமியார்) பல வருஷமா கருவாடே வேணாம்னு இருந்தாங்க, கேட்டா "எனக்கு அது மேல ஆசை இல்லம்மா"ன்னு சொல்லுவாங்க. டெக் போட்ட முதல் ஞாயித்துக்கிழமையே தானா போய் கருவாட்டுக்காரம்மா கிட்ட வாங்கிட்டு வந்து நின்னாங்க. அன்னிக்கு தான் எனக்குத் தெரிஞ்சுது, ஆசை இல்லாம இல்ல, எங்களுக்காக அடக்கி வச்சிருந்திருக்காங்கன்னு. இப்போ வாரத்துல மூணு நாள் சாயங்காலம் அத்தை டெக் படியில அரிவாள்மனை போட்டு உக்காந்துப்பாங்க, மூணு பூனை சுத்தி நிக்கும், நான் பின்னாடி மசாலா தடவிக்கிட்டு இருப்பேன், கடல் காத்து வரும், பேச்சு ஓடும். உள்ள கிச்சன்ல ஒருத்தர் நின்னா இன்னொருத்தர் நிக்க முடியாது, அங்க நாங்க ரெண்டு பேரும் இவ்ளோ பேசினதே இல்ல. இதுக்கு நான் கொடுத்த காசு பெரிசே இல்ல.

இப்போ ஸ்க்ரூ.

டெக் போடும்போது ஆசாரி அண்ணன் ஒரு டப்பா ஸ்க்ரூ காட்டினாரு, "எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தான் மேடம், துரு பிடிக்காது"ன்னு. நான் கேட்டேன், எப்படி நம்புறதுன்னு. பாக்கெட்ல இருந்து காந்தம் எடுத்து வச்சு காட்டினாரு, ஒட்டல. "பாத்தீங்களா, ஒட்டலன்னா ஒரிஜினல்." நானும் நம்பிட்டேன், அவரும் மனசார நம்பி தான் சொன்னாரு. அந்தக் காந்தக் கதை தான் எங்களைக் கவுத்துச்சு. எஸ்எஸ்ல 202ன்னு ஒரு கிரேடு, 304ன்னு ஒண்ணு, 316ன்னு ஒண்ணு. 202ல நிக்கலைக் குறைச்சு மாங்கனீஸ் போட்டிருப்பாங்க, அதனால விலை கம்மி. 304ல 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல்னு கணக்கு. 316ல அது போக 2ல இருந்து 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கும், உப்புக் காத்தைத் தாங்குறதே அது தான். இந்த மூணுலயுமே பொதுவா காந்தம் ஒட்டாது! ஒட்டாம இருக்கிறதை வச்சு இது எந்த கிரேடுன்னு சொல்லவே முடியாது. எங்களுக்கு வந்தது 202ன்னு தெரிய எனக்கு நாலு வருஷம் ஆச்சு.

முதல் மழை, 2021 நவம்பர், சென்னையே மிதந்துச்சு ஞாபகம் இருக்கும். மழை விட்டு ஒரு வாரத்துல ஒவ்வொரு ஸ்க்ரூவைச் சுத்தியும் டீ கறை மாதிரி பழுப்பா ஒரு வட்டம். துடைச்சா போச்சு. அடுத்த மாசம் திரும்ப வந்துச்சு. அப்புறம் அந்த வட்டம் கருப்பாச்சு, துடைச்சாலும் போகல. மரத்துல இருக்கிற துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தா அப்படித் தான் ஆகும், கலம்காரி துணியில கடுக்காய் ஏத்திட்டு இரும்புத் தண்ணியைத் தொட்டா கருப்புக் கோடு விழுமே, அதே வேலை தான் என் தேக்குலயும் நடந்திருக்கு. 2023 டிசம்பர் மிக்ஜாம் வந்து போனப்புறம் பலகை அங்கங்க ஆட ஆரம்பிச்சுது. 2024ல ஃபெஞ்சல் புயல் மழை முடிஞ்சு ஒரு நாள், தூக்கிக்கிட்டு நின்ன ஒரு பலகை நுனியில அத்தை புடவை மாட்டிக்கிச்சு, கையில கொதிக்கிற ரசம். கீழ விழல, பக்கத்துல இருந்த மேடையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அந்த நிமிஷத்தை நினைச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது. ஒரு ஸ்க்ரூவுக்கு சில ரூபா மிச்சம் பண்ணப் போய் எழுபது வயசு மனுஷி விழுந்திருப்பாங்க.

எனக்கு ரொம்ப நாளா புரியாத விஷயம் ஒண்ணு இருந்துச்சு. ஓட்டுக்கு அடியில, மழையே படாத இடத்துல இருக்கிற ஸ்க்ரூ தான் அதிகமா துரு பிடிச்சுது, வெளிய மழையில நனையுற 2 அடியில இருந்தது அவ்ளோ மோசம் இல்ல. மழைத் தண்ணி தானே துருவுக்குக் காரணம், இது என்ன தலைகீழா இருக்குன்னு நினைச்சுட்டே இருந்தேன். கழட்டும்போது நானே உக்காந்து எண்ணினேன்: 20 பலகை, கீழ 13 குறுக்குச் சட்டம், ஒரு சந்திப்புக்கு 2 ஸ்க்ரூ, மொத்தம் 520. அதுல தலை அறுந்து போனது 87. ஓட்டுக்கு அடியில இருந்த 416ல 81, திறந்தவெளியில இருந்த 104ல வெறும் 6. விஷயம் என்னன்னா கடல் காத்து உப்பைக் கொண்டு வந்து எல்லா இடத்துலயும் தான் படிய வைக்குது, வெளிப்பக்கம் படிஞ்சதை மழை கழுவிடுது, கூரைக்கு அடியில படிஞ்சது அப்படியே கிடக்கு, ராத்திரி ஈரக்காத்துல அந்த உப்பு கசிஞ்சு ஸ்க்ரூ தலையை அரிச்சுக்கிட்டே இருக்கு. நாங்க மழையில இருந்து காப்பாத்துறோம்னு நினைச்ச இடம் தான் முதல்ல போச்சு.

இதுல என் தப்பும் ஒண்ணு இருக்கு, மறைக்க விரும்பல. மீன் கழுவுன நாள்ல எல்லாம் நாத்தம் போக ப்ளீச்சிங் பவுடர் போட்டு தேய்க்கச் சொன்னது நான் தான், ரெண்டு வருஷம் போட்டோம். அதுல இருக்கிற குளோரின் எஸ்எஸ்ஸுக்கு எமன். இப்போ சோப்புத் தண்ணி, அப்புறம் ரெண்டு வாளி நல்ல தண்ணி, வாரத்துக்கு ஒரு தடவை ஹோஸ் பைப் போட்டு ஓட்டுக்கு அடியில இருக்கிற பாகத்தைத் தான் முக்கியமா கழுவுறோம்.

மாத்துற வேலைக்கு திரும்ப அதே ஆசாரி அண்ணனைத் தான் கூப்பிட்டேன். வந்து முதல் ஸ்க்ரூவைக் கழட்டினதும் அது கையோட உடைஞ்சு வந்துச்சு, அவரு ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு இருந்தாரு. "கடையில என்ன சொன்னானோ அதைத் தான்க்கா உங்க கிட்ட சொன்னேன்"னாரு, மேடம் அக்கா ஆயிட்டேன். கூலியில பாதி போதும்னு சொல்லிட்டாரு, நான் முழுசா தான் கொடுத்தேன், அவரு மேல கோவப்பட மனசு வரல. வித்த கடை மேல எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கல. அந்த டப்பா மேல கிரேடு நம்பரே கிடையாது, வெறும் எஸ்எஸ்னு தான் இருந்துச்சு, கடலோர ஊர்ல உக்காந்துக்கிட்டு டெக்குக்கு இதைக் கொடுக்கலாமா?

இந்தத் தடவை சென்னை பாரிமுனை (பாரிஸ்) பக்கம் போய் 316 வாங்கினோம், பில்லுல கிரேடு எழுதி வாங்கினேன். ஸ்கிராப் எடுக்கிறவங்க கிட்ட சின்ன பாட்டில்ல ஒரு சொட்டுத் திரவம் இருக்கும், ஸ்க்ரூ மேல ஒரு சொட்டு விட்டு 9 வோல்ட் பேட்டரியை வச்சா 202னா சிவப்பாயிடும். பழசுல வச்சோம், ரத்தச் சிவப்பு. புதுசுல அந்த சிவப்பு வரல. 316ஆ இல்லையான்னு பாக்க மாலிப்டினத்துக்குன்னு தனி சொட்டு இருக்கு, அதையும் டப்பாவுக்கு ரெண்டு ஸ்க்ரூ எடுத்து விட்டுப் பாத்து தான் வேலையை ஆரம்பிக்க விட்டேன். கருப்பு வட்டமெல்லாம் ஆக்ஸாலிக் ஆசிட் கரைச்சுத் தடவினதுல பெரும்பாலும் போயிடுச்சு, கையுறை போட்டுக்கணும். தலை அறுந்த 87ஐயும் எடுக்கத் தான் ரெண்டு நாள் போச்சு, ஒவ்வொண்ணையும் துளை போட்டு எடுத்து, அந்த ஓட்டையை தேக்கு குச்சி வச்சு அடைச்சு, பக்கத்துல புதுசா ஓட்டை போட்டு முடுக்கினாரு. ஃப்ரேம்லயும் வெல்டிங் வச்ச இடமெல்லாம் துரு, அங்க துத்தநாகப் பூச்சு எரிஞ்சு போயிடும்ல, ஜிங்க் ப்ரைமர் அடிச்சோம்.

மத்ததெல்லாம் சின்ன விஷயம், வேகமா சொல்லிடுறேன். முதல் வருஷம் தேக்குக்கு ஆளி விதை எண்ணெய் தடவினோம், ஐப்பசி கார்த்திகையில புள்ளி புள்ளியா கருப்புப் பூஞ்சை வந்துச்சு, அந்த எண்ணெயே அதுக்குத் தீனி, நிறுத்திட்டோம், இப்போ மரம் வெள்ளிச் சாம்பலா மாறி நல்லா தான் இருக்கு. பலகைக்கு நடுவுல கால் இன்ச் இடைவெளி விட்டது தண்ணி வடிய நல்லது, ஆனா மீன் செதிலும் வெங்காயச் சருகும் அதுல விழுந்து கீழ பெருச்சாளி வர ஆரம்பிச்சுது, அதனால சிங்க்குக்கு முன்னாடி மட்டும் பலகையை எடுத்துட்டு கோட்டா கல் போடணும்னு இருக்கேன். கடப்பா மேடை சுண்ணாம்புக்கல் ஜாதி, எலுமிச்சையும் புளியும் சிந்தினா வெளுத்துடும், எனக்கு அது பரவால்ல. பகல் 12 மணிக்கு மேல கடல் காத்து ஏறிச்சுன்னா சிம்ல அடுப்பு நிக்காது, மூணு பக்கம் தகடு வச்சே ஆகணும். சிலிண்டர் வைக்கிற அறைக்கு காத்தோட்டம் மேல வைக்காதீங்க, கீழ வைங்க, கேஸ் காத்தை விட கனம், கசிஞ்சா கீழ தான் தேங்கும். எங்க ஆசாரி மேல தான் காத்தோட்ட ஜாலி வச்சாரு, நான் சண்டை போட்டு கீழ மாத்தினேன், இதை யாரும் விட்டுடாதீங்க.

கடைசியா சித்தி பொண்ணு கேட்டா, "அப்போ போடலாம்ல?" நான் வேணாம்னுட்டேன். இவ்ளோ நேரம் மீன், அத்தை, காத்துன்னு சொன்னதெல்லாம் உண்மை தான், ஆனாலும் வேணாம். அவ வீடு தேவனாம்பட்டினம் பக்கம், எங்களை விட கடலுக்குக் கிட்ட, 2011ல தானே புயல் வந்து அந்த ஊரை என்ன பண்ணுச்சுன்னு அவளுக்கே தெரியும். அவ மாமியாருக்கு முழங்கால் வலி வேற. ரெண்டு படி உயரத்துக்கு செங்கல் திண்ணை கட்டி, மேல கோட்டா கல் போட்டு, ஓடு வேய்ஞ்சு, அடுப்பை வச்சுக்கோ, அதே காத்து தான் வரும், அதே மீன் தான் பொரியும், எண்ணுறதுக்கு ஒரு ஸ்க்ரூ கூட இருக்காதுன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தா. அப்புறம் மெதுவா, "மாமா தேக்குக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டாருக்கா"ன்னா.

சரி, வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எத்தனை பலகை, எத்தனை சட்டம்னு எண்ணி அனுப்பு, அங்க யாரையும் ஸ்க்ரூ வாங்க விடாத, நானே இங்க பாரிஸ்ல வாங்கி சொட்டு விட்டுப் பாத்து பஸ்ல போட்டு விடுறேன்னு சொல்லி வச்சிருக்கேன்.