54-ல் வேலை போனால்: பென்ஷனை இப்போதே வாங்குவதா, 58 வரை பொறுப்பதா?

ஐம்பதுக்கு மேல் கம்பெனி வீட்டுக்கு அனுப்பிவிட்டால் செட்டில்மென்ட் பணத்தில் கடை வை, வட்டிக்கு விடு என்று ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். அதற்குள் நான் போகவில்லை. கம்பெனி வேலையில் பி.எஃப்.போடு சேர்ந்து வரும் பென்ஷன் திட்டத்தில் பத்து வருஷ சர்வீஸ் முடித்தவருக்கு பி.எஃப். ஆபீஸில் இரண்டு வழி உண்டு. 10-சி படிவம் கொடுத்து ஸ்கீம் சர்டிஃபிகேட் (இதுவரையான பென்ஷன் சர்வீஸுக்கான சான்று) வாங்கி வைத்துக்கொண்டு 58-ல் முழு பென்ஷன் வாங்கலாம். இல்லையென்றால் 10-டி கொடுத்து இப்போதே குறைந்த பென்ஷன் வாங்கலாம். 50 வயதிலிருந்தே இது நடக்கும். நான் 54-ல் இரண்டாவதைத்தான் எடுத்தேன்.

பொறுத்திரு என்பவர்கள் சொல்லும் காரணம் ஒன்றே: 58-க்கு எத்தனை வருஷம் குறைகிறதோ, வருஷத்துக்கு 4 சதவீதம் வெட்டு, அதுவும் ஆயுசுக்கும். வாஸ்தவம்தான். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 58-ல் 4,000 ரூபாய் வர வேண்டியவருக்கு 54-ல் சுமார் 3,400 வரும். நான்கு வருஷத்தில் ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு மேல் கையில் சேர்ந்துவிடும். மாசம் 600 ரூபாய் கூடுதலாக வாங்குபவர் இதை எட்டிப் பிடிப்பதற்குள் எண்பது தாண்டிவிடும். போதாததற்கு இந்த பென்ஷனுக்கு பஞ்சப்படி கிடையாது. இன்றைய 3,400-ம் 58-ல் வரும் 4,000-மும் மளிகைக் கடையில் ஏறக்குறைய ஒன்றுதான்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. பென்ஷன் கணக்கிடுவது கடைசி 60 மாத சராசரிச் சம்பளத்தை வைத்து; உச்சவரம்பு 15,000. நல்ல சம்பளம் வாங்கியவர் 54-ல் வேறு வழியில்லாமல் 11,000 ரூபாய் வேலையில் பி.எஃப்.போடு சேர்ந்தால் அந்தச் சராசரி இறங்கும். 2014 செப்டம்பருக்குப் பிந்தைய பழைய சர்வீஸுக்கும் சேர்த்தே அடி விழும். பென்ஷனை எடுத்துவிட்டுச் சேர்ந்தால் அந்தத் தொல்லை இல்லை. முதலாளியின் பங்கில் ஒரு பகுதி பென்ஷனுக்குப் பிரியாமல், முழுவதும் பி.எஃப்.க்கே போகும்.

பழைய சம்பளத்திலேயே வேலை கிடைக்கும் என்று உறுதியாகத் தெரிந்தவர் தாராளமாகப் பொறுக்கலாம். 15,000 வரம்பில் இருப்பவருக்கு ஒவ்வொரு வருஷ சர்வீஸும் மாசம் 214 ரூபாய் கூட்டும். 50, 51-லேயே எடுக்க நினைப்பவருக்கு வெட்டு கால் பங்கை ஒட்டியோ தாண்டியோ போகும்; அவரிடம் இதே தைரியத்தோடு எடு என்று சொல்ல மாட்டேன்.

மூவாயிரத்துச் சொச்சத்தில் என்ன ஆகும் என்று மச்சான் சிரித்தார். சிலிண்டர், கரண்ட் பில், பால் கணக்கு ஆகும். வேலை போன வீட்டில் ஆளை உள்ளுக்குள் அரிப்பது பால்காரருக்கு நாளைக்கு என்று சொல்வதுதான். அது நின்றதும் எனக்குத் தூக்கம் வந்தது.

விண்ணப்பிக்கும் முன் யூ.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) கணக்கில் வேலையை விட்ட தேதி ஏறியிருக்கிறதா பாருங்கள். கம்பெனி போடாவிட்டால், கடைசியாகப் பணம் கட்டிய மாசத்திலிருந்து இரண்டு மாசம் கழித்து நீங்களே போட்டுக்கொள்ளலாம். ஆதாரில் உள்ள பெயரும் இனிஷியலும் அங்கே அப்படியே இருக்க வேண்டும்.